ஒரு பரப்பு இரைநிலம்: சுருவில் கணக்கு

யாழ்ப்பாணத்து அளவில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 253 சதுர மீற்றர். சதுரமாக எல்லை போட்டால் பக்கத்துக்கு 16 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். தீவகத்தில் சுருவில், நாரந்தனை, கரம்பொன் பக்கம் இப்படிப் பரப்புப் பரப்பாகக் காணிகள் பற்றை மூடிக் கிடக்கின்றன. 1990, 1991 ஆண்டுகளில் தீவகம் இடம்பெயர்ந்தபோது பூட்டிய வீடுகள் பல திறக்கப்படவேயில்லை. உரிமைக்காரர் கனடாவில், பிரான்சில், இலண்டனில் இருக்கிறார்கள். அந்தக் காணிகளில் பறவைக்கும் முயலுக்குமாவது ஏதாவது விதைத்துவிடலாமே என்ற பேச்சு அவர்களிடம் அடிக்கடி எழுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படி விலங்குக்கென்று இரைநிலம் விதைப்பதை ஒரு தொழிலாகவே வளர்த்த நாடு அமெரிக்கா, அங்கே விதைப்பது பெரும்பாலும் சுடுவதற்கு. ஆகவே அவர்களுடைய கணக்கை முதலில் பார்த்து, அதை 16ஆல் வகுத்து, சுருவில் மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்க அரசின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வேட்டையாடியவர்கள் 1 கோடியே 44 இலட்சம் பேர். அவர்கள் அந்த ஓராண்டில் செலவிட்டது 4,520 கோடி டொலர். தலைக்கு ஏறத்தாழ 3,140 டொலர். துவக்கு, வாகனம், காணிக் குத்தகை எல்லாம் சேர்ந்த தொகை இது. இரைநிலத்துக்கான விதையும் உரமும் அதற்குள் ஒரு சிறு பங்கு. டெக்சாஸ் மாநிலத்தில் நிலத்தின் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் கையில் இருக்கிறது. நிலக்காரர் வேட்டை உரிமையைப் பருவத்துக்குக் குத்தகைக்கு விடுகிறார். மான் வந்து நிற்கும் நிலத்துக்குத்தான் நல்ல குத்தகை கிடைக்கும். அதனால் மானுக்கு விதைப்பது அவருக்குச் செலவல்ல, முதலீடு.

என்ன விதைக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கு வியப்புத்தான். மொச்சை, கௌபி, சணல், கம்பு, பனிவரகு, சூரியகாந்தி. எல்லாம் நம் தோட்டத்திலும் வயல்வரம்பிலும் தலைமுறைகளாகப் பார்த்தவை. நாம் கறிக்குப் பறிக்கும் மொச்சையில், இலைக்காக மட்டும் மான் மேயக்கூடிய இரகம் ஒன்றை டெக்சாஸ் வேளாண் பல்கலைக்கழகம் தனியாகத் தெரிவு செய்து வெளியிட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து வயலில் அறுவடைக்குப் பின் மண்ணுக்கு உரமாகட்டும் என்று மடக்கி உழுகிற சணலும் அங்கே மான் தீனி. வாத்துகளுக்கு என்று தாழ்ந்த ஈரநிலத்தில் விதைப்பது நம் குதிரைவாலியின் நெருங்கிய இனம்.

அவர்களுடைய ஏக்கர் அளவை ஒரு பரப்புக்கு இறக்கினால் வருவது இது:

மொச்சை: ஏக்கருக்கு 20 இறாத்தல் என்றால் பரப்புக்கு ஒன்றேகால் இறாத்தல், 570 கிராம்.
கௌபி: ஏக்கருக்கு 56 இறாத்தல் என்றால் பரப்புக்கு மூன்றரை இறாத்தல், 1.6 கிலோ.
சணல்: ஏக்கருக்கு 30 இறாத்தல் என்றால் பரப்புக்கு 850 கிராம்.
பனிவரகு: ஏக்கருக்கு 20 இறாத்தல் என்றால் பரப்புக்கு 570 கிராம்.
கலப்பு உரம்: ஏக்கருக்கு 320 இறாத்தல் என்றால் பரப்புக்கு 20 இறாத்தல், 9 கிலோ.
சுண்ணாம்பு: அங்கே புளித்த மண்ணுக்கு ஏக்கருக்கு ஒரு தொன்னும் அதற்கு மேலும். சுருவிலில் சுழியம். மண்ணுக்குக் கீழே இருப்பதே சுண்ணாம்புக் கல்.

விதையைப் பொறுத்தவரை ஒரு பரப்புக்கு ஒரு கைப்பை போதும். செலவு விதையில் இல்லை.

அங்கே ஏக்கருக்கு எல்லாமாக 300 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மழை பெய்தால் ஓர் ஏக்கர் மொச்சையும் கௌபியும் 4,000 இறாத்தல் உலர்தீனி தரும். 100 இறாத்தல் எடையுள்ள மான் நாளுக்குத் தன் எடையில் 3 சதவீதம், அதாவது 3 இறாத்தல் உலர்தீனி தின்னும். விளைந்ததில் பாதியை மான் தின்றது என்றால் 2,000 இறாத்தல். ஒரு மானுக்கு 666 நாள் தீனி. ஒரு மானுக்கு ஒரு நாளைக்கு 45 சதம். மலிவுதான். ஆனால் அந்த 666 நாளும் ஒரே மானின் நாட்கள் அல்ல. சுற்றியுள்ள காட்டிலிருந்து இருபது மான் வந்தால் ஒரு மாதத்தில் கணக்குத் தீர்ந்துவிடும்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் வருகிறது. இரைநிலம் விலங்கைக் கூட்டுகிறது. பெருக்குவது வேறு வேலை. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வெண்வால் மான்கள் 5 இலட்சத்துக்கு மேல் இல்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இன்று ஏறத்தாழ 3 கோடி. இந்த 60 மடங்கு பெருக்கத்தை மொச்சைப் பாத்தி கொண்டுவரவில்லை. சந்தைக்காகச் சுடுவதைத் தடுத்தார்கள், பருவம் வகுத்தார்கள், மானே அற்றுப்போன மாவட்டங்களுக்கு மானைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். துவக்குக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த வரிப்பணத்தை (நீளத் துவக்குக்கு 11 சதவீதம்) 1937இல் காட்டுயிர்த் திணைக்களங்களுக்கே திருப்பிவிட்டார்கள். அதன்பின் வந்ததுதான் பாத்தி. இருந்த மானை ஒரு இடத்துக்கு இழுத்தது மட்டுமே அதன் பங்கு.

ஓரிடத்தில் கூட்டுவதற்கும் விலை உண்டு. மானின் மூளையைத் துளைத்து மெலிய வைத்துக் கொல்லும் நோய் ஒன்று 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது. இன்று பல மாநிலங்களில் பரவிவிட்டது; மருந்து இல்லை. எச்சிலிலும் சிறுநீரிலும் மண்ணிலும் தொற்று நிற்கிறது. இதனால்தான் பல மாநிலங்கள் தீனி கொட்டி மானை வரவழைப்பதைத் தடுத்தன. மிச்சிகன் 2019இல் தன் தென்பகுதி முழுவதும் தடை போட்டது. கொட்டிய தீனிக்குத் தடை. விதைத்து முளைத்ததற்குத் தடை இல்லை.

இந்த வேறுபாடு பறவையில் இன்னும் நுணுக்கமாகிறது. நின்ற பயிரில் வாத்து இறங்கினால் சுடலாம். அதே பயிரை மடக்கி மணியை உதிர்த்துவிட்டால், அது இரை வைத்த இடம். வாத்தைச் சுடுவது குற்றம். புறாவுக்கு விதி வேறு: அந்த நிலத்திலேயே விளைந்த சூரியகாந்தியை வெட்டிச் சாய்த்து மணி சிதற விட்டாலும் புறா சுடலாம். ஆனால் வெளியிலிருந்து ஒரு வாளி தானியம் கொண்டுவந்து வீசினால் கூடாது. வீசியதை ஒரு மணி விடாமல் பொறுக்கிய பின்னும் 10 நாள் அந்த இடம் இரை வைத்த இடமாகவே சட்டத்தில் நிற்கும். பறவை அந்த இடத்தை மறக்க அவ்வளவு நாள் வேண்டும் என்று கொண்டிருக்கிறார்கள்.

இனிச் சுருவில். இங்கே மான் இல்லை. முயல், கவுதாரி, மணிப்புறா உண்டு. மாரியில் கடல்நீரேரிப் பக்கம் வடக்கேயிருந்து வரும் வாத்துகள் உண்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காட்டுயிர், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கின்றன. துவக்குக்கு அனுமதி பாதுகாப்பு அமைச்சின் வழியாக வர வேண்டும். ஆகவே அமெரிக்கக் கணக்கின் வரவுப்பக்கம் முழுவதும் இங்கே வெற்றிடம்: குத்தகை இல்லை, இறைச்சி இல்லை. செலவுப்பக்கம் மட்டும் இருக்கிறது. அதை எழுதுவோம்.

செலவில் முதலாவது கட்டாக்காலி மாடு. 200 கிலோ எடையுள்ள ஊர்மாடு ஒன்று நாளுக்கு 5 கிலோ உலர்தீனி தின்னும். பச்சையாக என்றால் 25 கிலோ. நம் மண்ணில் ஒரு பரப்பு மொச்சை 250 கிலோ பச்சை தந்தாலே நல்ல விளைச்சல். ஐந்து மாடு இரண்டு இரவு நின்றால் தண்டும் மிஞ்சாது. முயலுக்கு விதைத்தது மாட்டுக்குப் போகாமலிருக்க வேலி வேண்டும். சுற்றளவு 64 மீற்றர். முழத்துக்கு ஒரு கதியால் என்றால் 140 கிளுவைக் கதியால். அப்படி நெருக்கி நட்டு ஓலையும் வரிந்தால் மாடு வராது, முயலும் வராது. கீழே ஒரு சாண் திறந்துவிட்டால் முயல் வரும், ஆட்டுக்குட்டியும் வரும். இலைப் பயிரைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு இல்லை.

இரண்டாவது தண்ணீர். மற்ற எல்லா எண்ணையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஒரு பரப்பில் 1 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் 253 லீற்றர். நம் கோடை வெயிலில் பயிர் நாளுக்கு 5 மில்லிமீற்றர் குடிக்கும்: 1,265 லீற்றர். 60 நாள் பயிருக்கு 75,900 லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் பதினைந்து முறைக்கும் மேல் வர வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 20 லீற்றர், வீட்டில் நால்வர் என்று வைத்தால் நாளுக்கு 80 லீற்றர். ஒரு பரப்புப் பயிர் இரண்டு மாதத்தில் குடிப்பது அந்த வீட்டின் 949 நாள் நீர். இரண்டு வருடமும் ஏழு மாதமும். குடிநீருக்குப் பவுசரைப் பார்த்துக் காத்திருக்கிற தீவில் முயலுக்கென்று கோடையில் இறைப்பது நியாயமே இல்லை.

கிணறு இருக்கிறதே என்று சொல்லலாம். தீவில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படலம். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விகிதம். அதே விகிதம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: மேல்மட்டம் 3 அங்குலம் இறங்கினால், காலப்போக்கில் உப்பு கீழேயிருந்து 10 அடி ஏறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆள் களைத்ததும் இறைப்பு நின்றது. நீர்ப்பம்புக்குக் களைப்பு இல்லை. உவராகிப்போன கிணறு திரும்ப நல்ல தண்ணீராக எத்தனை மாரி வேண்டும் என்பதைத் தீவார் எவரிடமும் கேட்டறியலாம்.

மாரியில் கணக்கு முற்றிலும் மாறுகிறது. யாழ்ப்பாணத்து ஆண்டு மழை 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். அந்த மாதங்களில் 700 மில்லிமீற்றர் என்று வைத்தாலும் ஒரு பரப்பின் மேல் 1,77,100 லீற்றர் சும்மா விழுகிறது. பயிருக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இலையை விட்டுத் தானியம் விதைத்தால், மாடு தின்னும் பச்சைக் காலம் குறையும். முற்றி உதிர்ந்த மணி மாட்டுக்கு ஆகாது, புறாவுக்கும் கவுதாரிக்கும் ஆகும். 570 கிராம் பனிவரகு விதைத்து, எக்டயருக்கு ஒரு தொன் என்ற மெலிந்த விளைச்சலே வந்தாலும் பரப்புக்கு 25 கிலோ மணி. 120 கிராம் எடையுள்ள புறா நாளுக்கு 20 கிராம் பொறுக்கும். 1,250 புறாநாள். எறும்பும் எலியும் ஈரமும் பாதியைக் கொண்டுபோனால் 625 புறாநாள். 20 புறாவுக்கு ஒரு மாதம். விதைக்கும் கொத்துக்கும் இரண்டு ஆள்கூலி, விதை அரைக் கிலோ, தண்ணீர் சுழியம், உரம் வேண்டாம். கணக்கில் நிற்கக்கூடியது இந்த மாதிரித் தானியப் பயிர் ஒன்றுதான்.

இப்போது அந்த 625 புறாநாளின் மேல் ஒரு துவக்கை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒருவர் ஒரு நாளில் சுடக்கூடியது 15 புறா. ஒரு புறா விழ 6 தோட்டா என்று வைத்தால் 90 தோட்டா. தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் ஈயம். புறாவுக்குப் போடும் ஏழரை இலக்கக் குண்டில் ஒரு அவுன்சுக்கு ஏறத்தாழ 350 குண்டு. ஆக ஒரு பிற்பகலில் 31,500 குண்டு, இரண்டரை கிலோ ஈயம். அந்தக் குண்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். குறுக்களவு 2.4 மில்லிமீற்றர். பனிவரகு மணியும் ஏறத்தாழ அதே பருமன், அதே உருட்சி. பறவைக்குப் பல் இல்லை. தானியத்தை அரைக்கச் சிறுகல்லைப் பொறுக்கி விழுங்கும். மணியென்றோ கல்லென்றோ விழுங்கிய ஒரு ஈயக்குண்டு, அரைப்பையில் தேய்ந்து இரத்தத்தில் கலந்து புறாவைக் கொல்லப் போதும். வாத்து வேட்டையில் ஈயக்குண்டை அமெரிக்கா 1991இல் முற்றாக நிறுத்தியது இந்தக் காரணத்தால்தான். மேலும் அந்தக் குண்டு 150 மீற்றருக்கு அப்பாலும் போய் விழும். நம் பரப்போ 16 மீற்றர் அகலம். சுடுகிறவர் காணி ஒன்று, ஈயம் விழுகிற காணியும் கிணற்றடியும் வேறொருவருடையவை.

கூட்டிச் சுடுவதன் உச்சத்தை இந்தியாவே பார்த்திருக்கிறது. இராஜஸ்தானில் பரத்பூர் அரசர்கள் அஜான் அணையின் நீரைத் தாழ்ந்த நிலத்துக்குத் திருப்பி வாத்துகளை வரவழைத்தார்கள். 1902இல் நடந்த முதல் பெரிய வேட்டையில் 17 துவக்குக்கு 540 பறவை. 1938 நவம்பர் 12ஆம் நாள் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு வந்தபோது 39 துவக்குக்கு 4,273 பறவை. ஒரு துவக்குக்கு 32 என்றிருந்தது 110 ஆனது. இந்த எண்களைக் கல்லில் பொறித்து அங்கேயே நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் விழுந்த பறவைக்குக் கணக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு எத்தனை திரும்பி வந்தன என்பதற்கு அந்தக் கல்லில் இடமில்லை. பின்னர் அந்தத் தாழ்ந்த நிலம் காப்பிடமாகி, 1982இல் தேசியப் பூங்காவானது. மேய்ச்சலை முழுக்கத் தடுத்த பின் புல் மண்டி நீரை மூடிப் பறவைக்கு இடைஞ்சலானது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு கண்டது. மனிதர் உண்டாக்கிய இரைநிலம் துவக்கு போன பின்னும் ஆள் பார்க்காமல் நிற்காது.

தீவகத்துக்கு விலங்குக் கணக்கு புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் மன்னன் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்று வகுக்கிறது. ஊர்காவற்றுறை ஆனை ஏற்றிய துறை. 1859இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ட் எழுதிய கணக்கில், பயிரை அழிக்கிறது என்று அரசு தலைக்கு விலை வைத்ததால் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் 3,500க்கு மேற்பட்ட ஆனை கொல்லப்பட்டன. அங்கே பயிர்தான் இரை. ஆனை வந்தது, துவக்கும் வந்தது. இந்த ஏடுகளிலெல்லாம் எடுத்தவன் பத்தி மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

வேறு மாதிரி எழுதிய ஏடும் தமிழரிடம் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் ஏரி 30 எக்டயர், நம் அளவில் ஏறத்தாழ 1,186 பரப்பு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவையைச் சுட்டபோது ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் அந்த ஏரிப் பறவைக்குக் காப்பு உரிமை வாங்கினார்கள். இரக்கம் மட்டும் காரணமில்லை. பறவையின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பறவைக்கு விதைக்கவில்லை, தீனி கொட்டவில்லை. ஏரியில் மரம் நிற்க விட்டார்கள், சத்தம் போடாமல் இருந்தார்கள். பறவையை வரவழைத்து, அதைக் கொல்லாமலே வரவுப்பக்கம் நிரம்பிய கணக்கு அது. வள்ளி புனம் காத்த கதையிலும் வேடர் குலத்துப் பெண் தினையைக் காத்துக் கிளியை ஓட்டினாளே தவிர, கிளியைக் கூட்டி அடிக்கத் தினை விதைத்ததாக இல்லை.

சுருவிலில் காணி வைத்திருப்பவர் செய்யத்தக்கது என்ன என்று கேட்டால், என் விடை பயிர்ச் செலவைக் காட்டிலும் சிறியது. மாரிக்கு ஒரு பரப்பில் பனிவரகு அல்லது குரக்கன், அறுக்காமல் விட்டுவிடுதல். கோடைக்கு விதையே வேண்டாம், தண்ணீர் போதும். 1 மீற்றர் சதுரத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. அதிலிருந்து வெயில் குடிப்பது நாளுக்கு 6 லீற்றர். 200 புறா தலைக்கு 15 மில்லிலீற்றர் குடித்தால் 3 லீற்றர். நாளுக்கு 9, நான்கு மாதக் கோடைக்கு 1,080 லீற்றர். ஒரு பரப்புப் பயிர் குடிக்கும் 75,900 லீற்றரில் 70இல் ஒரு பங்கு. உரிமைக்காரர் வெளிநாட்டில் இருந்தால், அயல்வீட்டுக்காரர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு வாளி வார்க்கும் வேலை. ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், கவுதாரிக் குஞ்சு இறங்கினால் ஏறி வரும். பூனை பதுங்காமல் சுற்றிலும் பத்தடி பற்றையை வெட்ட வேண்டும். அதற்கப்பால் நிற்கும் ஈச்சம் பற்றையையும் நாயுண்ணியையும் வெட்டக் கூடாது, பறவை ஓடி ஒளிய இடம் அதுதான். வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் கூட்டத்தில் ஒரு பறவைக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் போகும். தொட்டியைத் தெருவேலியிலிருந்து எட்டக் கட்ட வேண்டும். வன்னியில் கோடைகாலத்துத் துரவடியில் காத்திருந்து சுட்டவர்களின் அனுபவம் எல்லோருக்கும் தெரியும்: தண்ணீருக்கு வரும் விலங்கு தீனிக்கு வருவதை விடத் தவறாமல் வரும்.